தமிழ்நாட்டில் வெள்ள நிவாரண நிதி

தமிழ்நாட்டில் வெள்ள நிவாரண நிதி என்பது வெள்ளம், புயல், பெருமழை, நிலச்சரிவு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்கும், அத்தகைய பாதிப்புகளை முன்கூட்டியே குறைப்பதற்கும் இந்திய நடுவண் அரசும் தமிழ்நாடு அரசும் பகிர்ந்து வழங்கும் பொது நிதியைக் குறிக்கும். இந்நிதி ஒரே கணக்கில் இருப்பதில்லை. நிவாரணத்துக்கும் தடுப்புக்கும் தனித்தனியாகவும், மாநில அளவிலும் தேசிய அளவிலும் தனித்தனியாகவும் நிதியங்கள் உள்ளன. நிதி ஆணையங்களின் பரிந்துரைகளும் 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இவற்றுக்கு அடிப்படையாக அமைந்துள்ளன.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர மாவட்டங்களின் வெள்ளங்களே இந்நிதி தொடர்பாகப் பெரிதும் பேசப்படுகின்றன. எனினும் இந்த ஏற்பாட்டின் இயல்பையும் அதன் இடைவெளிகளையும் அறிந்துகொள்ள மலைப்பகுதிகளையும் காண வேண்டும். பழனி மலையில் கொடைக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவி ஊராட்சியின் நிலை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் 'பேரிடர்' என்ற தலைப்பு எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. நீர், பாசனம், வடிகால், கரைகள் ஆகியவை மாநிலப் பட்டியலின் 17 ஆவது பதிவில் உள்ளன. எனவே வெள்ளத்தைத் தடுப்பதும், வெள்ளம் வந்தபின் மக்களைக் காப்பதும் முதன்மையாக மாநில அரசின் பொறுப்பாகும். நடுவண் அரசு நிதியாலும், படைகளாலும், முன்னறிவிப்புகளாலும் துணை செய்கிறது. ஆனால் பெரும்பாலான வரி வருவாய் நடுவண் அரசிடமே இருப்பதால், பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறோரிடத்திலும் இருக்கும் நிலை தோன்றியது. இந்தியாவில் வெள்ள நிதி குறித்து எழுந்த பூசல்களுக்குப் பெரும்பாலும் இதுவே அடிப்படைக் காரணமாகும்.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் நிவாரணம் என்றால் பஞ்ச நிவாரணம் என்றே பொருள். 1880 ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் மாகாணங்கள் பஞ்சச் சட்டக்கோவைகளை வகுத்தன. வருவாய்த் துறை அலுவலர் நேரில் சென்று இழப்பைக் கணக்கெடுத்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் முறை அக்காலத்தில் உருவானது. விடுதலைக்குப் பின்னும் அம்முறை பெருமளவு மாறவில்லை. இன்றும் வெள்ள இழப்பைக் கணக்கிடுவது வருவாய்த் துறையே.

1954 இல் வட இந்தியாவில் ஏற்பட்ட பெருவெள்ளங்களைத் தொடர்ந்து தேசிய அளவில் வெள்ளத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இரண்டாவது நிதி ஆணையம் இயற்கைச் சீற்றங்களுக்கென மாநிலங்களுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. ஒன்பதாவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி 1990 இல் ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் துயர்தணிப்பு நிதி உருவாக்கப்பட்டது. அதில் நடுவண் அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. இந்த விகிதம் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு அதன் பின்னரும் பெரும்பாலும் தொடர்ந்தது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்குப் பின்னாளில் 90க்கு 10 என்ற விகிதம் வழங்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை மாவட்டங்களுக்கு இச்சலுகை கிடையாது. மலை என்பதற்காக அல்லாமல் மாநிலம் என்ற அளவிலேயே இவ்விகிதம் வரையறுக்கப்படுவதே இதற்குக் காரணம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட அளவில் மேலாண்மை ஆணையங்களை ஏற்படுத்தியது. அவற்றுக்கு முறையே பிரதமர், முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர் ஆகியோர் தலைமை வகிக்கின்றனர். 2010 இல் பழைய நிதியங்கள் இச்சட்டத்தின்கீழ் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, தேசியப் பேரிடர் நிவாரண நிதி என மாற்றியமைக்கப்பட்டன. தேசியப் பேரிடர் நிவாரண நிதியும், அரக்கோணத்தில் ஒரு படைப்பிரிவைக் கொண்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துச் சுருக்கத்தால் குறிக்கப்படுகின்றன. செய்திகளில் இவை இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

நிதியங்கள்

பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையான 5 ஆண்டுகளுக்கு, எல்லா மாநிலங்களுக்குமான பேரிடர் இடர் மேலாண்மை நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. இத்தொகையில் 80 விழுக்காடு நிவாரண நிதிக்கும் 20 விழுக்காடு தணிப்பு நிதிக்கும் பிரிக்கப்பட்டது. நிவாரண நிதிக்குரிய 80 விழுக்காட்டில், உடனடி மீட்பு மற்றும் உதவிக்கு 40, மறுசீரமைப்புக்கு 30, முன்னேற்பாட்டுக்கு 10 என உட்பிரிவுகள் உண்டு. தேசிய அளவிலும் இதே 80க்கு 20 என்ற பிரிவினை பின்பற்றப்பட்டது.

தணிப்பு நிதி என்பது வெள்ளம் வருமுன் செய்யப்படும் பணிகளுக்கானது. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு இடமிருந்தும், பதினைந்தாவது நிதி ஆணையம் பங்கு குறித்த பின்னரே தணிப்பு நிதிக்கு உறுதியான வருவாய் கிடைத்தது. அதுவரை தடுப்புப் பணிகளுக்கு மாநிலங்கள் தம் பொதுப்பணித் துறை ஒதுக்கீட்டையோ, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடனையோ நம்பியிருந்தன.

தமிழ்நாட்டின் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி 2023-24 ஆம் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஆகும். இதில் 900 கோடி நடுவண் அரசின் பங்கு. அது 450 கோடி வீதம் இரு தவணைகளாக விடுவிக்கப்பட்டது. 2024-25 இல் நடுவண் அரசின் பங்கு 944.80 கோடியாக இருந்தது. ஆண்டுதோறும் வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் இப்பங்கு வந்துசேரும். எனவே புயலுக்குப் பின் 'நடுவண் அரசு 450 கோடி வழங்கியது' என்பது போன்ற செய்திகள் வெளியாகும்போது, அது புதிய உதவியா, ஏற்கெனவே உரிய தவணையா என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மாநில நிதி போதாத அளவுக்குக் 'கடுமையான' பேரிடர் நேர்ந்தால் மட்டுமே தேசிய நிதி கிடைக்கும். அப்போதும் மாநில நிதியில் ஏப்ரல் 1 அன்று இருந்த இருப்பில் பாதி கழித்துக்கொள்ளப்படும். 'தேசியப் பேரிடர்' என அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் எழுகின்றது. அவ்வாறு அறிவிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இழப்பு பணமாகும் முறை

வெள்ளம் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர் தம் கிராமத்தில் இடிந்த வீடுகள், இறந்த கால்நடைகள், அழிந்த பயிர்கள் ஆகியவற்றைக் கணக்கெடுக்கிறார். பயிர் இழப்பை வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையினருடன் இணைந்து கணக்கிடுவர். இக்கணக்கு வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் வழியாகச் சென்னை எழிலகத்தில் உள்ள வருவாய் நிர்வாக ஆணையரைச் சென்றடைகிறது. மாநில அரசு அதனைக் கோரிக்கை மனுவாக்கி நடுவண் உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பும். அதன்பின் பல அமைச்சகங்களின் அலுவலர்களைக் கொண்ட குழு (நாளிதழ்களில் 'மத்தியக் குழு' எனப்படுவது) பாதிக்கப்பட்ட பகுதிகளைப் பார்வையிடும். அக்குழுவின் அறிக்கையை ஒரு துணைக்குழு ஆராய்ந்தபின், உள்துறை அமைச்சரின் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவுசெய்யும்.

எதற்கு எவ்வளவு என்பதை நடுவண் அரசின் விதிமுறைகள் வரையறுக்கின்றன. 2022 முதல் 2026 வரையான காலத்துக்குரிய விதிமுறைப்படி, உயிரிழந்தவர் ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய். முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம், குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. பயிர்கள் 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதமடைந்தால் எக்டேருக்கு மானாவாரியில் 8,500, பாசன நிலத்தில் 17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய் வழங்கப்படும். இது 2 எக்டேருக்கு மேற்படக்கூடாது. நிலச்சரிவில் நிலமே அடித்துச் செல்லப்பட்டால் சிறு, குறு உழவர்களுக்கு எக்டேருக்கு 47,000 ரூபாய் உண்டு.

இவை இழப்பீடு அல்ல, உதவித்தொகை என்பது நடுவண் அரசின் நிலைப்பாடு. சாலை, பாலம், மின்கம்பம், குடிநீர்த் திட்டம் ஆகியவற்றைப் பொறுத்தவரை உடனடியாகச் செயல்பட வைப்பதற்கான தற்காலிகச் சீரமைப்புக்கே இவ்விதிமுறைகளின்கீழ்ச் செலவிடலாம். அடித்துச் செல்லப்பட்ட பாலத்துக்குப் பதிலாக உயரமான புதிய பாலம் கட்டுவது இதில் அடங்காது. மாநில அரசுகள் தம் சொந்த நிதியிலிருந்து இத்தொகைகளைக் கூட்டி வழங்குவதுண்டு. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது தமிழ்நாடு அரசு உயிரிழப்புக்கான தொகையை 5 லட்சமாக உயர்த்தியதுடன், சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடைகள் வழியாக 6,000 ரூபாய் ரொக்கமாக வழங்கியது. 2024 இல் பெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இத்தொகை 2,000 ரூபாயாக இருந்தது.

கோரிய தொகையும் கிடைத்த தொகையும்

மாநிலம் கோரும் தொகைக்கும் நடுவண் அரசு ஒப்பும் தொகைக்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்படுவது வழக்கமாகிவிட்டது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையிலும் கடலூரிலும் ஏற்பட்ட வெள்ளத்துக்கு மாநில அரசு முதலில் 8,481 கோடியும், பின்னர் மொத்தம் 25,912.45 கோடியும் கோரியது. நடுவண் அரசு நவம்பரில் 939.63 கோடியை விடுவித்தது. டிசம்பர் 3 அன்று மேலும் 1,000 கோடி அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே சென்றது. கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து தடைப்பட்டது. அப்புயலுக்கு மாநிலம் ஏறத்தாழ 15,000 கோடி கோரியது. தேசிய நிதியிலிருந்து 2018 டிசம்பர் இறுதியில் 1,146.12 கோடி ஒப்பளிக்கப்பட்டது.

2023 டிசம்பரில் இரண்டு பேரிடர்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. மாதத்தின் தொடக்கத்தில் மிக்சாம் புயல் சென்னைப் பகுதியைத் தாக்கியது. டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. மாநில அரசு முதலாவதற்கு 19,692.69 கோடியும் இரண்டாவதற்கு 18,214.52 கோடியும் கோரியது. தொகை கிடைக்காத நிலையில் 2024 ஏப்ரலில் அரசியலமைப்பின் 131 ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அம்மாதமே நடுவண் அரசு மிக்சாமுக்கு 285.54 கோடியும் தென்மாவட்ட வெள்ளத்துக்கு 397.13 கோடியும் ஒப்பளித்தது. மாநில நிதியின் இருப்பில் பாதி கழிக்கப்பட்டபின் கைக்கு வந்தவை முறையே 115.49 கோடியும் 160.61 கோடியும் ஆகும். பெஞ்சல் புயலுக்கு 2025 ஏப்ரலில் 522.34 கோடி ஒப்பளிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை அரசியல் பகைமையால் மட்டும் விளக்க இயலாது. நடுவண் ஆட்சியுடன் நட்புறவு கொண்ட மாநில அரசுகள் கோரிய காலத்திலும் விகிதம் பெரிதாக மாறவில்லை என்பதை மேற்கண்ட எண்களே காட்டுகின்றன. மாநிலத்தின் மனு உடனடி உதவியையும், சாலைகள், பாலங்கள், ஏரிக்கரைகள் ஆகியவற்றை நிரந்தரமாகச் சீரமைப்பதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. நடுவண் குழுவோ விதிமுறைப் பட்டியலில் உள்ளவற்றை, அங்குள்ள விலையில் மட்டுமே கணக்கிடுகிறது. இருவரும் இருவேறு பொருள்களை அளக்கின்றனர். எனினும் நிரந்தரச் சீரமைப்புக்கு வேறு எந்த நிதியும் உறுதியாக இல்லாதபோது, மாநிலங்கள் எல்லாவற்றையும் ஒரே மனுவில் சேர்ப்பதில் வியப்பில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் 2024 சூலை 30 அன்று நிகழ்ந்த வயநாடு நிலச்சரிவுக்குப் பின் இச்சிக்கல் வேறு வடிவில் வெளிப்பட்டது. மறுகட்டமைப்புக்காக 2025 பிப்ரவரியில் 529.50 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. ஆனால் அது மானியமாக அல்லாமல், நீண்டகால வட்டியில்லாக் கடனாக இருந்தது. மேலும் மார்ச் 31க்குள் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

பழனி மலையும் வெள்ளகவியும்

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் கிளையாகும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,133 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் தெற்குச் சரிவு செங்குத்தாகப் பெரியகுளம் சமவெளியை நோக்கி இறங்குகிறது. இச்சரிவின் இடையில் அமைந்துள்ள பழைமையான ஊர் வெள்ளகவி. கொடைக்கானல் நகரம் தோன்றுவதற்கு முன்பே இவ்வூர் இருந்தது. 1821 இல் நில அளவைக்காகப் பழனி மலைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு, வெள்ளகவியில் தங்கியே மேலே ஏறினார். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்குச் சென்ற ஒற்றையடிப்பாதை, மலைச்சாலை அமையும் வரை முக்கிய வழிகளுள் ஒன்றாக விளங்கியது. பின்னர் வாகனச் சாலைகள் வேறு திசையில் அமைந்தமையால் வெள்ளகவி நெடுங்காலம் நடைபாதையை மட்டுமே நம்பியிருக்க நேர்ந்தது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, அவகாடோ போன்றவை இங்கு விளைகின்றன. விளைபொருள்கள் குதிரைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டன. நோயாளிகள் டோலி கட்டித் தூக்கிச் செல்லப்பட்டனர். ஊருக்குள் காலணி அணிவதில்லை என்ற வழக்கத்துக்காகவும் இவ்வூர் அறியப்படுகிறது.

வெள்ளகவி ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் ஆகிய குடியிருப்புகள் மலையின் கீழ்ப்பகுதியில் உள்ளன. இவை நிர்வாகத்தில் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் சந்தை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு மக்கள் தேனி மாவட்டத்தில் உள்ள பெரியகுளத்துக்கே இறங்குகின்றனர். இவ்வழியில் கல்லாறு குறுக்கிடுகிறது. மேலே கொடைக்கானலில் கனமழை பெய்தால், கீழே மழையே இல்லாதபோதும் கல்லாற்றில் திடீரென நீர் பெருகும். அப்போது ஆற்றைக் கடக்க இயலாமல் ஊர்கள் துண்டிக்கப்படும். நோயுற்றவர்களைப் பெருகிய நீரினூடே டோலியில் சுமந்து கடந்த நிகழ்வுகள் பலமுறை செய்தியாகியுள்ளன. ஆற்றின் குறுக்கே பாலம் வேண்டும் என்பது இம்மக்களின் நீண்டகாலக் கோரிக்கையாகும்.

இங்கு வெள்ளத்தின் இயல்பே வேறு. சமவெளியில் வெள்ளம் வீட்டுக்குள் புகும். சின்னூரில் வீடுகள் மேட்டில் பாதுகாப்பாக இருக்கும். இடையில் ஆறு மட்டுமே ஓடும். முன்கூறிய விதிமுறைப் பட்டியலை இவ்வூருக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் வரம்பு புலப்படும். வீடு இடிந்தால் 1.30 லட்சம் உண்டு. காப்பித் தோட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தால் எக்டேருக்கு 22,500 உண்டு. ஆனால் மூன்று நாட்கள் ஆற்றைக் கடக்க முடியாமல் பறித்த பழம் அழுகினால் அதற்கு வரிசை எண் இல்லை. இழந்த கூலிக்கும், தாமதமான மருத்துவத்துக்கும் அவ்வாறே. சாலைப் பதிவேட்டில் இடம்பெறாத காட்டுப்பாதை அரிக்கப்பட்டால், அதனைச் 'சேதமடைந்த சாலை' எனக் கணக்கில் காட்டுவதும் எளிதன்று. துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உணவுப் பொருள்கள் கொண்டுசெல்வதற்கும் மக்களை மீட்பதற்கும் ஆகும் செலவு விதிமுறைகளில் உள்ளது. ஆக, மழைக்குப் பின் கயிறு கட்டி மீட்பதற்கு நிதி உண்டு. மழைக்கு முன் பாலம் கட்டுவதற்கு நிவாரண நிதியில் இடமில்லை.

பாலத்துக்கான பணம் ஊரக வளர்ச்சித் துறை, நெடுஞ்சாலைத் துறை அல்லது தணிப்பு நிதியிலிருந்து வரவேண்டும். பணம் ஒதுக்கப்பட்டாலும் நிலம் பெரும்பாலும் வனத்துறைக்கு உரியது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) ஆவது பிரிவு, கிராம சபையின் பரிந்துரையுடன் சாலை உள்ளிட்ட 13 வகையான வசதிகளுக்கு வன நிலத்தை வழங்க இடமளிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான நிலமே தரலாம். எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. நீண்ட மலைச்சாலைக்கு இவ்வளவு போதாது என்பதால் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தனி அனுமதி தேவைப்படும். 2013 இல் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், அதன் எல்லைக்குள் வரும் பணிகளுக்குக் காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதலும் சேர்ந்துகொண்டது. இக்கட்டுப்பாடுகளை வெறும் தடைகளாகக் கருதுவதும் சரியன்று. செங்குத்தான சரிவை வெட்டிப் போடப்படும் சாலையே புதிய நிலச்சரிவுக்குக் காரணமாகலாம். 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த நிலச்சரிவுகள் பலவும் சரிவுகளை வெட்டி உருவாக்கப்பட்ட சாலைகளையும் குடியிருப்புகளையும் ஒட்டியே நிகழ்ந்தன. எனவே சாலையையும் பாலத்தையும் ஒரே கோரிக்கையாகக் காணாமல், பிரித்துக் காண வேண்டியுள்ளது. ஆற்றின் குறுக்கே ஒரு நடைபாலம் அமைக்கத் தேவைப்படும் வன நிலம் மிகச் சிறிது.

மலையும் சமவெளியும்

வெள்ளகவிச் சரிவில் விழும் மழை அங்கேயே நின்றுவிடுவதில்லை. பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுகிறது. பெரியகுளத்தை ஊடறுத்துச் செல்லும் வராகநதியில் சோத்துப்பாறை அணை உள்ளது. மஞ்சளாறு தேவதானப்பட்டி அருகே மற்றோர் அணையை நிறைக்கிறது. இந்நீர் அனைத்தும் வைகைப் படுகையைச் சேர்ந்ததாகும். கொடைக்கானலில் மழை பெய்யத் தொடங்கியதும் கும்பக்கரையில் குளிப்பதற்கு வனத்துறை தடை விதிப்பது இத்தொடர்பினால்தான். 71 அடி உயரமுள்ள வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களுக்கும் விடுக்கப்படுகின்றன.

அணைக்குக் கீழே இவ்வாறு ஐந்து மாவட்டங்கள் ஒரே ஆற்றுக்காக ஒருங்கிணைந்து செயல்படும் ஏற்பாடு உள்ளது. அணைக்கு மேலே, மழை விழும் மலை ஒரு மாவட்டத்திலும் வெள்ளம் இறங்கும் ஊர் மற்றொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் மாவட்ட எல்லைக்குள் வரையப்படுவதால், கொடைக்கானலின் சரிவைக் காப்பது பெரியகுளத்தின் வெள்ளத் தடுப்பாக எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி மெல்ல வெளிவிடுபவை. இருபதாம் நூற்றாண்டில் பழனி மலையின் புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் ஆகியவை பெருமளவில் நடப்பட்டன. அவற்றை அகற்றி இயல்பான தாவரங்களை மீட்பது வனத்துறைப் பணியாகவே கருதப்படுகிறது. அதற்கு வெள்ளத் தடுப்பு என்ற தலைப்பில் நிதி கேட்கும் வழக்கம் உருவாகவில்லை.

1974-75 இல் தொடங்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலை வளர்ச்சித் திட்டம் இவ்வகையில் ஒரு விதிவிலக்காகும். மண் அரிப்புத் தடுப்பு, தடுப்பணை, காடு வளர்ப்பு ஆகியவற்றுக்கு வட்டங்களை அடிப்படையாகக் கொண்டு நடுவண் நிதி வழங்கப்பட்டது. திட்டக் குழு கலைக்கப்பட்டதை அடுத்து நடுவண் அரசு இதற்கான நிதியுதவியை நிறுத்திக்கொண்டது. மலைப்பகுதிகளுக்கெனச் சிறப்புத் திட்டமொன்றைத் தமிழ்நாடு அரசு தன் சொந்த நிதியில் தொடர்ந்தது.

தடுப்புப் பணிகளுக்கான நிதி

தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து நகர்ப்புற வெள்ளத் தடுப்புக்காக ஒப்பளிக்கப்பட்ட முதல் திட்டம் சென்னைக்குரியதாகும். 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் மதிப்பு 561.29 கோடி, அதில் 500 கோடி நடுவண் உதவி. கொசத்தலையாறு படுகையின் மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் வழங்கியது. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் மாநில அரசு அமைத்த குழுவும் சென்னைப் பகுதியையே ஆராய்ந்தது. இவற்றுக்குத் தேவை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் பொறியாளர்களும், வரைபடங்களும், மழை அளவுப் பதிவுகளும் உள்ள இடத்துக்கே தடுப்பு நிதி எளிதில் செல்கிறது.

ஆற்றுப்படுகைகளுக்கு நடுவண் நீர்வள அமைச்சகத்தின் வெள்ள மேலாண்மைத் திட்டம் தனியாக உள்ளது. 2021-26 காலத்துக்கு எல்லைப் பகுதிப் பணிகளையும் சேர்த்து 4,100 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 60 விழுக்காடு நடுவண் உதவி கிடைக்கும். நாடு முழுமைக்குமான தொகை என்பதால் ஒரு மாநிலத்துக்குக் கிட்டுவது சிறிதே. பிரம்மபுத்திரா, கங்கை ஆகியவற்றின் கரைகளே இதில் முன்னுரிமை பெற்று வந்துள்ளன.

மலைப்பகுதிகளைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க முடிவு 2024 நவம்பரில் எடுக்கப்பட்டது. உயர்நிலைக் குழு 15 மாநிலங்களில் நிலச்சரிவு இடரைக் குறைக்க 1,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்பளித்தது. இதில் தமிழ்நாட்டின் பங்கு 50 கோடி. கேரளம், கர்நாடகம் ஒவ்வொன்றுக்கும் 72 கோடி. நீலகிரி, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை, பழனி மலை எனச் சரிவுப் பகுதிகள் பல உள்ள மாநிலத்தில் இத்தொகை எங்கெங்கு செலவாகும் என்பது மாநில அரசின் தேர்வைப் பொறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர்.

ஊராட்சியின் பங்கு

ஓர் ஊராட்சி நேரடியாகத் தணிப்பு நிதியைக் கோர இயலாது. கோரிக்கை மாவட்ட ஆணையம் வழியாகவே செல்ல வேண்டும். ஆயினும் இரண்டு வழிகள் ஊராட்சியின் கையில் உள்ளன. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. அப்போது துண்டிக்கப்படும் ஊர், துண்டிக்கும் ஓடை, துண்டிக்கப்பட்ட நாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவுசெய்யக் கோரலாம். மற்றது, வன உரிமைச் சட்டத்தின்கீழ்க் கிராம சபை நிறைவேற்றும் தீர்மானமாகும். அது இல்லாமல் வன நிலத்துக்கான கோப்பு தொடங்குவதே இல்லை.

மழைக்காலங்களில் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகள் 1077 என்ற எண்ணிலும் இயங்குகின்றன. சின்னூரிலிருந்து 1077 அழைக்கப்படும்போது பொறுப்பேற்க வேண்டியது திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம். ஆனால் ஆற்றங்கரைக்கு விரைவில் வந்துசேரக்கூடிய தீயணைப்பு வண்டியும் அவசர ஊர்தியும் தேனி மாவட்டத்தின் பெரியகுளத்தில் உள்ளன. 2026 முதல் 2031 வரையான காலத்துக்கான நிதிப் பங்கீட்டைப் பதினாறாவது நிதி ஆணையம் வகுத்தது. பங்கீட்டின் அலகாக மாநிலமும், செயலாக்கத்தின் அலகாக மாவட்டமும் இருக்கும்வரை, கல்லாறு போன்ற எல்லை ஆறுகளின் தேவையை இரு மாவட்ட ஆட்சியர்களும் இணைந்து எழுப்பினால் மட்டுமே அது மாநில அளவில் கோரிக்கையாக உருப்பெறும்.